மூணு சொன்ன குரல்

டிசம்பர் 29, மாலை
விடுதி அறை

அக்கா,

இன்று அந்த ரயில் நிலையத்தின் தொலைந்த பொருள் அறையில், குடைகளும் கைப்பைகளும் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே, பெரியவளைக் கட்டிக்கொண்டு "நான் எண்ணினேனே, நான் எண்ணினேனே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். "என்னத்த எண்ணினே?" என்றார் அத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: நீ சரியாகத்தான் எண்ணினாய். மூணு என்று உன் காதில் விழுந்தது உண்மை. அதைச் சொன்னவன் உன் சின்னவன், வாலு.

நீங்கள் நால்வரும் கீழே சாப்பிடப் போயிருக்கிறீர்கள். தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். சுகமா என்று கேட்டுத் தொடங்குவது நம் வழக்கம். இன்று அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

தையல் போடுவதற்கு முன், ரத்தம் ஒற்ற உள்ளே வைத்த காஸ் துணி அத்தனையும் வெளியே வந்துவிட்டதா என்று உங்கள் ஆபரேஷன் தியேட்டரில் சத்தமாக எண்ணுவீர்களே, அந்தப் பழக்கத்தை நீ வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாய். கூட்டத்துக்குள் நுழையும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை. நீ ஒண்ணு, அத்தான் ரெண்டு, பெரியவள் மூணு, வாலு நாலு, நான் அஞ்சு. வழிப்படமும் டிக்கெட்டும் வைத்துக்கொண்டு நீ முன்னால் போவாய்; நாங்கள் அவரவர் எண்ணைச் சொல்ல, திரும்பிப் பார்க்காமல் குரலை வைத்தே எண்ணுவாய். முதல் நகரத்தில் நாலு நாளும் ஒரு பிசகு இல்லை. பத்துக் கையுறையோடு கிளம்பி ஒன்பதோடு இந்த நகரத்துக்கு வந்தோம், அவ்வளவுதான் நஷ்டம்.

இன்று காலை பெரியவளுக்குத் தொண்டை கட்டி வெறும் காற்றுதான் வந்தது. நீ குளித்துக்கொண்டிருந்தாய். நான்தான் வாலுவிடம், "இன்னிக்கு அக்காவுக்கும் சேர்த்து நீயே சொல்லிடுடா. மூணும் நீ, நாலும் நீ" என்றேன். நாலு வயதுக்காரனுக்குப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி. "அக்கா குரல்லயே சொல்லட்டா சித்தி?" என்று கேட்டு, மூக்கால் மெலிதாக "மூணு" என்று சொல்லிக் காட்டினான். பெரியவள் சத்தமில்லாமல் சிரித்தாள். நானும் சிரித்தேன். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உன் முதுகுக்குப் பின்னால் நாள் முழுக்க ஓடும் ஒரு குட்டி நாடகம் என்று ரசித்தேன்.

சுரங்க ரயிலை விட்டு இறங்கி, நகரும் படிக்கட்டில் மேலே வந்ததும் நீ "ஒண்ணு" என்றாய். நான் ஒரு புத்தகக் கடையின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூணும் நாலும் காதில் விழுந்தன. பார்க்காமலே "அஞ்சு" என்றேன். அந்த நேரம் பெரியவள் கீழே நடைமேடையில் குனிந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது நாம் இல்லை. கூப்பிடுவதற்கு அவளிடம் குரல் இல்லை.

நாம் வெளியே வந்து, பஸ் ஏறி, மீன் காட்சிச்சாலை டிக்கெட் சன்னலில் அந்தப் பெண் "ரெண்டு பிள்ளைங்கன்னு சொல்றீங்க, ஒண்ணுதானே நிக்குது?" என்று கேட்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் ஆறு வாசல் உள்ள அந்த நிலையத்தில் எந்த வாசல் வழியாக வெளியே வந்தோம் என்பதுகூட யாருக்கும் நினைவில்லை. அவளை அந்த அறையில் கண்டுபிடிக்க ஒரு மணி நாற்பது நிமிடம், அக்கா.

இதை நாளைக் காலையில் உன் கையில் கொடுத்துவிடுவேன்.

தங்கை

டிசம்பர் 30. கொடுக்கவில்லை. காலையில் நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். ரயிலில் இரண்டு பிள்ளைகளும் உன் மடியை விட்டு இறங்கவில்லை. அதற்குள் நான் இறங்க வேண்டிய ஊர் வந்துவிட்டது.


ஜனவரி 9

புத்தகப்புழுவுக்கு,

ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்தோம். பெரியவளுக்குத் தொண்டை திறந்துவிட்டது. வாலுவுக்கு அது என்றைக்கு மூடியிருந்தது? நீ எப்படி இருக்கிறாய்? அந்தச் சல்லடைச் சால்வையை நம்பிக் குளிரில் அலையாதே.

ஃபோனில் பேசலாம்தான். ஆனால் ஃபோன் இருப்பது ஹாலில், அவர் இருப்பதும் ஹாலில். எழுதினால்தான் எனக்கு வருகிறது.

அவர் திட்டவில்லை. திட்டினால் நானும் நாலு வார்த்தை பதிலுக்குச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பேன். யார் கேட்டாலும், "பாவம், வழிப்படத்துல மூழ்கிட்டா. பழக்கதோஷத்துல வாய் எண்ணிடுச்சு" என்கிறார். என் கண்ணெதிரேயே சொல்கிறார், அதுவும் அன்பாக.

புழு, எனக்கு ஒன்று புரியவில்லை. அந்த மூணு இன்னும் என் காதில் இருக்கிறது. கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, மெலிதாக. ஆனால் அன்றைக்கு அவளுக்குக் குரலே இல்லை. சாயங்காலம் அவள் வாயைத் திறக்க வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அப்படியென்றால் காலையிலிருந்து நான் கேட்ட மூணெல்லாம் யாருடையது? வாலுவைக் கேட்டுப் பார்த்தேன். "நான் நாலு. நான் நாலு மட்டும்தான்" என்று சத்தியம் செய்கிறான். பெரியவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். பயந்திருக்கிறாள், அவளைக் குடைய மனமில்லை.

நீ கடைசியில் நின்றாய். அவர்களுக்கு அடுத்து உன் குரல். யோசித்துச் சொல்: மூணு என்று உனக்குக் கேட்டதா, இல்லையா?

உன் பதிலைப் பார்த்திருக்கும்
அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் தேறிவிட்டீர்கள் என்று படித்ததில் சந்தோஷம். எனக்கு லேசாகச் சளி, வேறொன்றும் இல்லை. சால்வையை மாற்றிவிட்டேன்.

அச்சகத்தில் வேலை கழுத்தை நெரிக்கிறது. பள்ளிப் புத்தகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வருகின்றன. நேற்று திருத்திய புரூஃபில் ஒரு நதி மலையில் பிறந்து சமவெளிக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. கடலில் சேர்கிற வரி விடுபட்டிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர், "விடுங்கம்மா, அணை கட்டியிருப்பாங்க" என்றார்.

நீ கேட்டதைப் பற்றி. அன்று பயங்கரக் கூட்டம், இரைச்சல். எனக்கும் சரியாக நினைவில்லை. கேட்டது போலவும் இருக்கிறது, கேட்காதது போலவும் இருக்கிறது. நீ அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. பிள்ளை கிடைத்துவிட்டாள், அது போதாதா?

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம்.

தங்கை


பிப்ரவரி 3

புழுவுக்கு,

இங்கே உடம்பெல்லாம் எல்லோருக்கும் நன்றாகவே இருக்கிறது. உன் சளி போனதா?

நீ எழுதிய பிறகு காது டாக்டரிடம் போனேன். நம் ஆஸ்பத்திரியிலேயே போனால் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள், அதனால் ஊர்க்கோடியில் இருக்கும் ஒருவரிடம். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். எல்லாவற்றுக்கும் அழுத்தினேன். "பாம்புக் காது உங்களுக்கு. எதுக்கு வந்தீங்க?" என்றார். இல்லாத சத்தத்துக்கு எதை அழுத்துவது என்று அவரிடம் கேட்கவில்லை.

காதில் கோளாறு என்று சொல்லியிருந்தால் தேவலை. வேறு எதில் கோளாறு என்று இப்போது நான் தேட வேண்டியிருக்கிறது.

வியாழக்கிழமை ஒரு குடல் ஆபரேஷன். முப்பது காஸ் துணி. எண்ணினேன், முப்பது. கூட எண்ணிய பெண்ணும் முப்பது என்றாள். "சரியா இருக்கு" என்று நான் சொன்னால்தான் சர்ஜன் ஊசியை எடுப்பார். வாயில் வரவில்லை. மறுபடி எண்ணினேன். மறுபடியும். மூன்றாம் தடவை அவர் நிமிர்ந்து பார்த்து, "என்ன சிஸ்டர், துணியை எண்ணுறீங்களா, நட்சத்திரத்தை எண்ணுறீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பதினான்கு வருடத்தில் ஒரு தடவை நான் இப்படித் திணறியதில்லை.

உனக்கு நினைவு வந்தால் எழுது. கேட்காவிட்டால் கேட்கவில்லை என்றே எழுது. இரண்டும் போல இருக்கிறது என்று மட்டும் எழுதாதே.

அக்கா


பிப்ரவரி 14

அன்பு சித்திக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? வாலு தனக்கு ஒரு பல் ஆடுதுன்னு பொய் சொல்றான். எனக்குத்தான் நிஜமா ஆடுது.

அம்மா இப்ப எங்களை எண்ணுறதே இல்ல. கடைக்குப் போனா கையைப் பிடிச்சுக்குறாங்க, வலிக்குது. அப்பா ஒரு கயிறு வாங்கிட்டு வந்தாங்க. ஒரு முனை வாலு இடுப்புல, இன்னொரு முனை என் இடுப்புல. வாலு குதிரைன்னு சொல்லி என்னை இழுத்துட்டு ஓடுறான்.

சித்தி, வாலுதான் மூணு சொன்னான்னு நான் அம்மாகிட்ட சொல்லல. ஒருத்தருக்காக இன்னொருத்தர் எண்ணக் கூடாதுன்னு அம்மா முன்னாடியே சொல்லியிருக்காங்க. அது தெரிஞ்சா வாலுவுக்கு அடி, உங்களுக்குத் திட்டு. அதனால வாலுகிட்டயும் சொல்லாதேன்னு சொல்லிட்டேன். நீங்க பெரியவங்க, நீங்களே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். சொல்லிட்டீங்களா? சொல்லிட்டீங்கன்னா அம்மா ஏன் இன்னும் சமையலறையில தனியா நின்னு ஒண்ணு ரெண்டு மூணுன்னு சொல்லிப் பார்க்குறாங்க?

ஸ்டாம்ப் அப்பா மேசையிலேர்ந்து எடுத்தேன். அதையும் சொல்லாதீங்க.

இப்படிக்கு,
மூணு


பிப்ரவரி 22

என் செல்ல மூணுக்கு,

உன் கடிதம் பத்திரமாக வந்தது. ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளாதே, கோணலாக முளைக்கும்.

நீ தப்பு ஒன்றும் செய்யவில்லை. வாலுவும் செய்யவில்லை. அவனை அப்படிச் சொல்லச் சொன்னது நான். அம்மாவிடம் சொல்ல வேண்டியதும் நான். அது உன் மூட்டை இல்லை, கீழே வைத்துவிடு. இந்த வாரமே அம்மாவுக்கு எழுதிவிடுகிறேன். அம்மா கேட்டால் உனக்குத் தெரிந்ததைத் தாராளமாகச் சொல்லலாம், யாருக்கும் அடி விழாது.

ஸ்டாம்ப் விஷயம் நம் இருவரோடு இருக்கட்டும்.

சித்தி


மார்ச் 16

புழுவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாக என் கடிதத்துக்கு உன்னிடமிருந்து ஒரு வரி பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பெரியவள் தினம் தபால்காரரைப் பார்த்து நிற்கிறாள். "சித்தி எழுதினாங்களா?" என்று கேட்கிறாள், "எதுக்குடி?" என்றால் ஓடிவிடுகிறாள். இந்த வீட்டில் யாரும் எதையும் முழுதாகச் சொல்வதில்லை.

ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தியேட்டருக்கு என்னைப் பொறுப்பு நர்ஸாகப் போடுவதாக இருந்தார்கள். உனக்கு நேரில் சொல்லலாம் என்று அந்தப் பயணத்தில்கூட வாயைத் திறக்கவில்லை. கடைசி நாள், ஊர் திரும்பும் ரயிலில் சொல்வதாக இருந்தேன்.

இப்போது வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். இந்த மாதம் முப்பத்தொன்றுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். துணிக்கிடங்குக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். படுக்கை விரிப்பில் ஒன்று குறைந்தால் யாரும் சாக மாட்டார்கள். தலைமை நர்ஸ் அம்மா, "என்ன காரணம்னு எழுதட்டும்?" என்றார்கள். சொந்தக் காரணம் என்றேன். குரல் இல்லாத பிள்ளை மூணு சொன்னதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன் என்று எந்தப் படிவத்தில் எழுதுவது?

அவர், "நல்ல முடிவு, உனக்கும் ஓய்வு" என்றார். இரவல் கொடுத்த பொருள் திரும்பி வந்த மாதிரி ஒரு முகம்.

பதில் போடு.

அக்கா


மார்ச் 27

அக்கா,

உன் கடிதம் இருபதாம் தேதி வந்தது. ஏழு நாள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டே அச்சகத்துக்குப் போய் வந்தேன். நடுவில் ஒரு நாள் ஃபோன் செய்தேன். அத்தான் எடுத்தார். "அவ டியூட்டிக்குப் போயிட்டா. ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார். சொல்லியிருந்தால் அந்த ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். "சும்மாதான் அத்தான்" என்றேன்.

இந்த உறையில் இன்னொரு கடிதமும் இருக்கிறது. டிசம்பர் 29 அன்று விடுதி அறையில் எழுதியது. இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அதை முதலில் படி.

படித்தாயா?

ஏன் இத்தனை நாள் என்று கேட்பாய். நானும் கேட்டுப் பார்த்தேன். எத்தனையோ புத்தகத்தில் மனிதர்கள் பொய் சொல்லி மாட்டிக்கொள்வதைப் படித்திருக்கிறேன். நான் பொய்கூடச் சொல்லவில்லை, சும்மா இருந்தேன், அதனால் என்னைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். முதலில் பயம். அந்தத் தொலைந்த பொருள் அறையில் அத்தான் உன்னைப் பார்த்த பார்வை என் பக்கம் திரும்பிவிடுமோ என்று. அப்புறம், இத்தனை நாள் கழித்துச் சொன்னால் அந்த நாட்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டுமே என்று. தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் பாரம் கூடியது. நீ காது டாக்டரிடம் போனதைப் படித்த அன்று எழுத உட்கார்ந்தேன். முதல் வரியில் உன் உடல்நலம் கேட்டு எழுதிவிட்டு, அதற்கு மேல் கை ஓடவில்லை.

பெரியவளுக்கு எல்லாம் தெரியும். என்னைக் காப்பாற்றத்தான் அவள் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். ஏழு வயதுப் பிள்ளை சுமந்ததை நான் சுமக்கவில்லை.

கையெழுத்துப் போடாதே அக்கா. உன் எண்ணிக்கையில் ஒரு தப்பும் இல்லை. என்னை மன்னித்துவிடு.

தங்கை


மே 5

உன் கடிதம் ஏப்ரல் இரண்டாம் தேதி வந்தது. முப்பத்தொன்றாம் தேதி நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நாங்கள் சுகம்தான்.

அன்று பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "யாருக்கும் அடி கிடையாது. அன்னிக்குச் சொன்ன மாதிரி ஒரு தடவை சொல்லுடா" என்றேன். வாலு அக்காவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். உடனே மூக்கைச் சுருக்கிக்கொண்டு "மூணு" என்றான். அதே குரல். மூன்று மாதமாக நான் சமையலறையில் நின்று தேடிய அதே குரல். சிரித்தேன். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. பிள்ளைகள் பயந்து அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

அவருக்கும் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தார். அப்புறம், "நானும் திரும்பிப் பார்க்கலையே" என்றார். அதை அவர் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பரவாயில்லை, சொன்னார்.

என் காதும் சரி, என் புத்தியும் சரி. அதை எனக்குச் சொல்ல உனக்கு எண்பத்தெட்டு நாள் ஆகியிருக்கிறது. எண்ணினேன்.

தியேட்டரில் எண்ணிக்கை தப்பினால் நாங்கள் யாரையும் திட்டுவதில்லை. தப்பு எல்லோருக்கும் வரும். ஆனால் அந்தத் துணி கிடைக்கும்வரை உள்ளே இருப்பவர் யாரும் வெளியே போகக் கூடாது. கதவைத் திறக்கவே மாட்டோம். குனிந்து, தரையில், குப்பைக் கூடையில், அவரவர் காலடியில் தேடுவோம். உன் காலடியில் கிடந்தது உனக்குத் தெரியும். தெரிந்தும் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாய். என்னை உள்ளேயே தேட விட்டாய்.

மன்னிக்கச் சொல்கிறாய். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று இந்த ஒரு மாதமாக யோசிக்கிறேன், தெரியவில்லை. தெரியும்போது எழுதுகிறேன். அதுவரை நீயும் எழுத வேண்டாம். பிள்ளைகளுக்கு எழுதுவதானால் எழுது, தடுக்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


டிசம்பர் 28

அன்பு சித்திக்கு,

சௌக்கியமா? எனக்கு ரெண்டு பல் புதுசா முளைச்சிடுச்சு, கோணல் இல்ல. இந்தக் கார்டுல இருக்கிற படம்தான் அந்த ரயில் நிலையம். போன வருஷம் மீன் பார்க்காம போயிட்டோம்ல, அதனால மறுபடியும் வந்திருக்கோம். கயிறு கொண்டு வரல.

தொலைந்த பொருள் அறைக்கும் போனோம். போன வருஷம் என்னைப் பக்கத்துல உட்கார வச்சிருந்த அத்தை என்னை அடையாளம் கண்டுபிடிச்சிட்டாங்க. நான் "நல்லா இருக்கீங்களா?"ன்னு கேட்டதும், "அட, உனக்குப் பேச்சு வருமா?"ன்னு கேட்டாங்க. வாலு அங்க போய் நம்ம கையுறையைக் கேட்டான். அது வேற ஊர்ல தொலைஞ்சதுடான்னு சொன்னா கேட்கவே மாட்டேங்குறான்.

பள்ளிக்கூடம் திறந்ததிலேர்ந்து அம்மா மறுபடியும் தியேட்டருக்குப் போறாங்க. ஆனா அங்க வேற ஒருத்தங்கதான் இப்ப பொறுப்பு நர்ஸ்.

இப்ப அம்மா திரும்பி நின்னு எங்க முகத்தைப் பார்த்துதான் எண்ணுறாங்க. இன்னிக்கு நடைமேடையில அம்மா ஒண்ணு, அப்பா ரெண்டு, நான் மூணு. வாலு நாலு சொல்லிட்டு, உங்க குரல் மாதிரி வச்சுக்கிட்டு அஞ்சும் சொல்லிட்டான். அப்பா சிரிச்சுட்டாங்க. அம்மா சிரிக்கல. வாலு பக்கத்துல வந்து குனிஞ்சாங்க. அப்புறம், "ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொல்லக் கூடாது. அதை அவளே வந்து சொல்லட்டும்"னு சொன்னாங்க.

அப்புறம் ரயில் வந்தது. நாலு பேரும் ஏறினோம்.

மூணு